கணக்கும் கதரும்

கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களில் பலருக்குப் பரீட்சை நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் நினைவுக்கு வருகிறது. அந்தச் சுவரில் கரிக்கோடுகள் வரிசை வரிசையாக நிற்கும். பால்காரர் அளந்து ஊற்றிவிட்டுப் போனதும் என் பாட்டி அடுப்பிலிருந்து அவிந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து ஒரு கோடு கிழிப்பார். உழக்குப் பாலுக்கு நெடுங்கோடு. ஆழாக்குப் பாலுக்குக் குறுங்கோடு. மாதம் முடிந்ததும் கோடுகளை எண்ணி, பால்காரரிடம் பணத்தைக் கொடுத்த பின்னரே ஈரத்துணியால் சுவரைத் துடைப்பார். பால்காரர் தமக்கென்று தனிக் கணக்கு ஏதும் வைத்திருக்கவில்லை. அந்தச் சுவரையே தம் கணக்காகவும் ஏற்றுக்கொண்டிருந்தார்.

மற்றச் செலவுகளுக்குப் பாட்டி ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, சுவாமிக்கு நமஸ்காரம் செய்த பிறகே அதைத் திறப்பார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி இருக்கும். அதன் கீழே 'லாபம்' என்று எழுதியிருக்கும். லாபம் என்று எழுதிவிட்டு அதன்கீழ் முழுவதும் செலவாகவே எழுதிக்கொண்டு போகிறாரே என்று சிறுவயதில் நான் சிரித்ததுண்டு. ஏனென்றால் எங்கள் வீடு விருந்தாளிகளுக்குப் பேர்போன வீடு. அகாலத்தில் வண்டியிலிருந்து இறங்கியவருக்கும் இலை போடாமல் பாட்டி உறங்கியதில்லை. அந்த இலைகளுக்கும் கணக்கு உண்டு. 'விருந்து' என்று தனித் தலைப்பிட்டு எழுதுவார். வந்தவர்களுக்குப் போட்ட சோற்றையுமா கணக்கெழுதுவது என்று ஒருநாள் கேட்டேன். "அளந்து போட்டால்தானடா அடுத்தாற்போல் வருகிறவனுக்கும் மிஞ்சும்" என்றார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம்மவர்கள் சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பக்தியும் விருந்தோம்பலும் கணக்கும் ஒரே கையில் சேர்ந்திருந்த இப்படிப்பட்ட பெண்கள் நம் நாட்டில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்து வியாபார அலுவலகம் எதிலும் நுழைந்து பார்த்திருந்தால், பேரேட்டின் முன்னே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்க மாட்டோம். வீட்டின் கணக்கு அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெளியுலகின் கணக்கு ஒப்படைக்கப்படவில்லை. அந்தக் கதவை நம் தேசத்தில் முதன்முதலாகத் திறந்துகொண்டு உள்ளே சென்றவர் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அவர் பெயர் சிவபோகம். அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அவர் செய்த தொழில் இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கணக்கு எழுதுவது வேறு. எழுதிய கணக்கைத் தணிக்கை செய்வது வேறு. ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் அதில் பங்கு வாங்கிப் பணம் போட்டிருக்கிறார்கள். பணம் போட்டவர்களுள் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆண்டு முடிவில் நிர்வாகிகள் ஓர் ஐந்தொகையை அச்சிட்டு அனுப்புகிறார்கள். சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று அதில் காண்கிறது. அது மெய்தானா என்பதைப் பங்குதாரர் எப்படி அறிவார்? அவருக்காகக் கம்பெனிக்குள் சென்று, சிட்டையையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, ரசீதுகளைப் புரட்டி, கைப்பெட்டியில் உள்ள ரொக்கத்தை எண்ணி, 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்றோ, 'இன்னின்ன இடத்தில் எனக்கு ஐயம்' என்றோ கையெழுத்திட்டுச் சொல்பவரே தணிக்கையாளர். 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பருத்தியாலை வழக்கில், தணிக்கையாளர் காவல் நாயேயன்றி வேட்டை நாய் அல்லர் என்று நீதிபதி ஒருவர் சொன்னார். திருடனைத் தேடிக் காடுமேடெல்லாம் ஓட வேண்டியதில்லை. ஆனால் கண்முன் சந்தேகத்துக்கு இடமானது ஒன்று நடக்கும்போது குரைக்காமல் இருந்துவிடக் கூடாது. அத்தொழிலில் இருப்பவர்கள் இந்த உவமையைக் கேட்டு மகிழ்வார்களோ என்னவோ, பொருள் மட்டும் தெளிவாகவே இருக்கிறது.

ஆகவே தணிக்கையாளருடைய மூலதனம் அவருடைய கையெழுத்துத்தான். கூட்டவும் கழிக்கவும் எல்லோரும் கற்கலாம். ஒருவர் கையெழுத்தை ஊரார் நம்ப வேண்டுமானால், அவரை நம்ப வேண்டும். பழங்காலத்தவர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலில் அச்சிட்ட நூலில் விரிவாக விளக்கி, 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் வெளியிட்டவர் லூக்கா பசியோலி. அவர் வணிகர் அல்லர். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த துறவி. கடவுளின் பெயரை முன்வைத்துக் கணக்கைத் தொடங்குங்கள் என்று அவர் வணிகர்களுக்குச் சொல்கிறார். முதல் ஏட்டிற்குச் சிலுவைக் குறி இடச் சொல்கிறார். வெனிஸ் வணிகருடைய சிலுவைக் குறிக்கும் எங்கள் பாட்டியுடைய பிள்ளையார் சுழிக்கும் நடுவே கடல் பல இருந்தாலும், 'இதன்கீழ் நான் எழுதப்போவது பொய்யன்று' என்ற உறுதிமொழி இரண்டிலும் ஒன்றுதான்.

இவ்வளவு நம்பிக்கை வேண்டிய தொழிலில் பெண்களுக்கு இடம் தர உலகம் எளிதில் இசையவில்லை. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற அம்மையார் இருந்தார். 1844-இல் பிறந்தவர், லண்டனில் சொந்தமாகக் கணக்காளர் தொழில் நடத்தியவர். 1891-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். கழகத்தின் விதிகள் ஆண்பாற் சொற்களிலேயே எழுதப்பட்டிருப்பதைக் காட்டி அவரை மறுத்துவிட்டார்கள். (விதியைத் தமிழில் எழுதியிருந்தால் 'அவர்' என்ற சொல்லே அம்மையாரைக் காப்பாற்றியிருக்கும்!) பெண் என்ற காரணத்தால் ஒருவரைத் தொழில்களிலிருந்து விலக்கக் கூடாது என்று 1919-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்த பிறகே கழகத்தின் கதவு திறந்தது. 1920-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மையார் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. உலகத்தின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் என்ற பெயர் தலை நரைத்த பிறகே அவருக்குக் கிட்டிற்று.

நம் நாட்டுக் கதை இங்கேதான் வேறு பாதையில் திரும்புகிறது. சிவபோகம் அம்மையார் 1907-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் பிறந்தார். திருவல்லிக்கேணியில் லேடி வில்லிங்டன் பள்ளியிலும், பின்னர்க் கடற்கரையில் இராணி மேரிக் கல்லூரியிலும் பயின்றார். லேடி வில்லிங்டன் பள்ளி என்றவுடனே, அதற்கு உயிராக இருந்த சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுப்புலட்சுமி 1886-இல் பிறந்தவர். பதினோராம் வயதளவில் மணம் செய்துவைத்தார்கள். சிறிது காலத்துக்குள் அந்தக் குழந்தை கைம்பெண் ஆனாள். அக்காலத்து வழக்கப்படி அந்த வாழ்க்கை ஒரு மூலையில் முடிந்திருக்க வேண்டும். பெற்றோர் அதற்கு உடன்படாமல் படிக்க வைத்தார்கள். 1911-ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து கைம்பெண்ணாக அவர் விளங்கினார். அதன் பிறகு தம்மைப்போல் விதவையான சிறுமிகளைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கினார். அவருடைய சித்தியும் இளம் வயதில் கணவரை இழந்தவர். அந்த வீட்டை நடத்துவதில் அவர் துணை நின்றார். பெண்கள் நாலைந்து பேரோடு தொடங்கிய அந்த இல்லம், இடம் போதாமல், 1917-ஆம் ஆண்டில் கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குச் சென்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது. விவேகானந்த சுவாமிகள் 1897-இல் அதில் தங்கியதும் உண்டு. ஊர் ஒதுக்கிய குழந்தைகள் அங்கே உண்டு, உறங்கி, படித்து, ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். விருந்தோம்பல் என்பதற்கு வழியே போகிறவரை அழைத்துச் சோறிடுவது என்று மட்டும் பொருள் கொள்கிறோம். வேறெங்கும் இடமில்லாதவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்த அம்மையாருடைய தொண்டைப் பார்த்து வளர்ந்தவர் சிவபோகம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் படித்து வளர்ந்த ஆண்டுகள் நாட்டில் புயலடித்த ஆண்டுகள். அந்நியப் பொருளை விலக்கு, கதர் உடுத்து என்ற காந்தியடிகளின் கட்டளை வீட்டுக்குள் இருந்த பெண்களையும் வீதிக்கு இழுத்தது. 1930-ஆம் ஆண்டில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன யாத்திரையும், அதன் தொடர்பாக ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் சிறை சென்றதும் உங்கள் சரித்திரப் பாடத்தில் வருபவை. சிவபோகம் சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டார்; கதர் உடுத்தார்; கைது செய்யப்பட்டு ஓராண்டு சிறையில் இருந்தார். அன்று உடுத்த கதரை அவர் பிறகு என்றும் களையவில்லை.

சிறையிலிருந்து வெளியே வந்த பெண் எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பாள்? ஆசிரியை ஆகலாம், மருத்துவம் படிக்கலாம், 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு வழக்கறிஞர் ஆகவும் வழி பிறந்திருந்தது. சிவபோகம் கணக்கைத் தேர்ந்தெடுத்தார். தேசத் தொண்டுக்கும் பேரேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தேசபக்தர் என்றால் மேடையில் நிற்பவர், கணக்கர் என்றால் மூக்குக் கண்ணாடியோடு மூலையில் குனிந்திருப்பவர் என்று நாம் இரண்டு படங்களை மனத்தில் தனித்தனியே மாட்டி வைத்திருக்கிறோம்.

அந்தப் படங்கள் இரண்டும் ஒன்றுதான் என்று காட்டியவர் காந்தியடிகள். 'சத்திய சோதனை'யைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. லண்டனில் சட்டம் படித்த நாளில், வண்டிக் கட்டணம், தபால்தலை என்று செலவிட்ட ஒவ்வொரு காசையும் அவர் எழுதி வைத்தார். இரவில் படுக்கப் போகுமுன் வரவு செலவைச் சரிபார்த்தார். பின்னர் 1894-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியபோது, சந்தா கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்த ஆண்டின் கணக்குப் புத்தகங்கள் பல்லாண்டுகளுக்குப் பின்னும் அழியாமல் காணக் கிடைக்கும் என்று அவர் பெருமையோடு எழுதுகிறார். பொதுப் பணத்துக்குச் சரியான கணக்கு இல்லாவிட்டால் அங்கே உண்மை தூய்மையாக நிலைக்காது என்பது அவர் கொள்கை. ஏழை கொடுத்த ஓரணாவுக்குக் கணக்கு வைப்பது அந்த ஏழைக்குச் செய்யும் மரியாதை. இந்த நோக்கில் பார்த்தால், காந்தியடிகளைப் பின்பற்றிச் சிறை சென்ற ஒருவர் சிறையிலிருந்து நேரே தணிக்கையாளரிடம் தொழில் பயிலச் சென்றது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

அக்காலத்தில் இத்தொழிலுக்கு அரசாங்கக் கணக்கியல் பட்டயம் என்ற தேர்வு இருந்தது. புத்தகம் படித்துத் தேறினால் மட்டும் போதாது. அனுபவம் மிக்க ஒரு தணிக்கையாளரிடம் சேர்ந்து அவருடன் அலுவலகம் அலுவலகமாகச் சென்று பயில வேண்டும். கடினமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். படிப்பைக் கல்லூரியில் பெறலாம். தொழிற் பயிற்சிக்கோ, ஒரு பெண்ணைத் தம் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ளத் துணிந்த ஒருவர் வேண்டும். அந்தப் பெண் வந்து ஏட்டைக் கேட்கும்போது முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய வியாபாரிகள் வேண்டும். சென்னையில் பெயர்பெற்றிருந்த தணிக்கையாளர் சி. எஸ். சாஸ்திரி அவரைச் சேர்த்துக்கொண்டார். அவர் செய்த அந்த ஒரு காரியத்துக்காகவே அவரையும் நாம் நினைக்க வேண்டும்.

1933-ஆம் ஆண்டில் சிவபோகம் தேர்வில் வெற்றி பெற்றார். இந்தியாவில் அத்தேர்வில் வென்ற முதல் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. மேரி ஹாரிஸ் ஸ்மித் அம்மையாரைப்போல் எழுபத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நாம் பெருமூச்சு விட நினைக்கும் இந்த இடத்தில்தான் வேறொரு கதவு சாத்தப்பட்டது.

தேர்வில் வென்றால் மட்டும் ஒருவர் தணிக்கையாளராகிவிட முடியாது. 1932-ஆம் ஆண்டு விதிகளின்படி சர்க்கார் ஒரு பதிவேடு வைத்திருந்தது. அதில் பெயர் பதிவான பிறகே கம்பெனிக் கணக்குகளில் கையெழுத்திடலாம். சிறைத் தண்டனை அடைந்தவர் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்பது அன்றிருந்த தடை. சிவபோகம் ஓராண்டு சிறையில் இருந்தவர். ஆகவே அவருக்குப் பதிவேட்டில் இடமில்லை.

நண்பர்களே, இந்தத் தடையைக் கேட்டவுடன் கொதித்துவிடாதீர்கள். சற்று நின்று பாருங்கள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பிறர் பணத்தைக் கையாடிச் சிறை சென்ற ஒருவன் வெளியே வந்து, 'இந்தக் கம்பெனியின் கணக்கு சரியாக இருக்கிறது' என்று கையெழுத்திட்டால் யார் நம்புவார்கள்? கையெழுத்தே மூலதனம் என்று சற்று முன் சொன்னேனே, அந்த மூலதனத்தைக் காப்பதற்காக வந்த வேலி அது. வேலி வேண்டியதுதான். ஆனால் அந்த வேலிக்குக் கண் இல்லை. பொய் சொன்னதற்காகச் சிறை சென்றவனையும், பொய்க்குத் தலைவணங்க மறுத்துச் சிறை சென்றவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சிறைக் கதவுக்கு உள்ளே போனவர் யார் என்று மட்டுமே அது கேட்டது. எதற்காகப் போனார் என்று கேட்கவில்லை.

வேறு பலர் இந்நிலையில் என்ன செய்திருப்பார்கள்? மனம் கசந்து வேறு வேலை பார்த்திருக்கலாம். பதிவு பெற்ற ஒருவர் கையெழுத்திட, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை முழுவதையும் செய்துகொடுத்துச் சம்பளம் வாங்கியிருக்கலாம். சிவபோகம் இரண்டையும் செய்யவில்லை. தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டத்தை மறுத்துச் சிறை சென்றவர், அதே ஆட்சியின் சட்டத்தின் முன்னால் நியாயம் கேட்டு நிற்கிறார். இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சத்தியாகிரகி சட்டத்தை மறுக்கும்போதும் ஒளித்து மறுப்பதில்லை. செய்ததைச் சொல்லி, அதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொள்கிறார். தம் பற்றுக் கணக்கில் இருந்ததை ஓராண்டு சிறையாகச் செலுத்தித் தீர்த்தாயிற்று. தீர்ந்த கடனை மறுபடியும் மறுபடியும் எப்படி வசூலிக்கலாம் என்பது எந்தக் கணக்கரும் கேட்கக்கூடிய கேள்வி.

தீர்ப்பு அவர் பக்கம் கிடைத்தது. 1937-ஆம் ஆண்டில் அவர் சென்னையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் என்பது ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியதாக இருக்கிறது. கையிலே பட்டயமும் வாசலிலே பெயர்ப்பலகை மாட்ட உரிமையின்மையுமாக ஓர் இளம்பெண் அந்த ஆண்டுகளைக் கடந்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே 1937-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரி சபை பதவியேற்றது. அதன் தலைவர் ராஜாஜி. அவர் 1921-ஆம் ஆண்டிலேயே வேலூர்ச் சிறையைக் கண்டவர்; வேதாரண்யம் யாத்திரைக்குப் பிறகும் சிறை சென்றவர். மாகாணத்தின் வரவு செலவுத் திட்டம் முழுவதையும் சட்டசபையின் முன் வைக்கும் பொறுப்புச் சிறை சென்றவர்களின் கைக்கு வந்துவிட்டது! ஒரு கம்பெனியின் ஐந்தொகையில் கையெழுத்திடச் சிறை சென்ற ஒரு பெண்ணுக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி அதற்கு மேலும் எழுந்திருந்தால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். காலம் சில சமயங்களில் விதிகளை மிக வேகமாகப் பழமையாக்கிவிடுகிறது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லலாம். சுதந்திரத்துக்குப் பின், 1949-ஆம் ஆண்டில் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நிறுவப்பட்டது. தொழிலைக் கட்டுப்படுத்தும் உரிமை சர்க்காரின் பதிவேட்டிலிருந்து தொழில் செய்வோருடைய கழகத்தின் கைக்கு மாறியது. 1950-இல் சிவபோகம் அக்கழகத்தின் மூத்த உறுப்பினர் தகுதியைப் பெற்றார். 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். ஒருகாலத்தில் பதிவேட்டில் பெயர் எழுதவே தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டவர், தென்னாட்டுக் கணக்காளர் அனைவருக்கும் தலைவராக உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் ஆண்கள், அவர்களிடையே கதர்ப் புடவை உடுத்த அவர் ஒருவரே பெண். அக்குழுவின் கூட்டங்கள் எவ்வளவு சுவையற்ற விஷயங்களைப் பற்றி நடந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன்: விதித் திருத்தம், சந்தா நிலுவை, பரீட்சை மையம். ஆயினும் அந்தக் காட்சியைக் கண்ணால் காண எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று வருந்துகிறேன்.

அவருடைய எளிமையைப் பற்றிப் பலர் பேசுவார்கள். எளிமை போற்றத்தக்கதுதான். கதர் உடுத்துக்கொண்டு எளிமையாக வாழ்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் பல்லாயிரவர். தணிக்கைத் தொழிலில் இருந்துகொண்டு எளிமையாக வாழ்வதற்குத் தனிக் கருத்து ஒன்று உண்டு. பெரிய பெரிய தொகைகள் நாள்தோறும் கண்முன்னே ஓடுகின்றன. அவற்றுள் ஒரு காசும் தன்னுடையதன்று. தேவை அதிகமானால் தயக்கம் குறையும். தயக்கம் குறைந்த கை, கையெழுத்திட வேண்டாத இடத்திலும் இட்டுவிடும். தேவையைச் சுருக்கிக்கொண்ட தணிக்கையாளரை யாராலும் எளிதில் வளைக்க இயலாது. அவருடைய கதரை ஆடை என்று மட்டும் கருதாமல், தொழிற் கருவி என்றும் கருத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, தொடக்கத்தில் விட்டுவந்த பாட்டியிடம் திரும்புகிறேன். எங்கள் பாட்டி உலை வைக்கும்போது வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, அதற்குமேல் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுவார். யாருக்கு என்று கேட்டால், "வருகிறவர்களுக்கு" என்பார். யார் வரப்போகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. வந்தாலும் வருவார்கள், வராவிட்டால் காலையில் பழையது. அந்த ஒரு பிடியையும் நோட்டுப் புத்தகத்தில் 'விருந்து' என்றே எழுதுவார்.

1956-ஆம் ஆண்டில், வட்டாரக் குழுவின் தலைவராக இருந்தபோது, சிவபோகம் அம்மையார் ஒரு பரிசை நிறுவினார். பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வை முதல் முயற்சியிலேயே எழுதி வெற்றி பெறும் பெண்களுள் சிறந்தவருக்கு அது உரியது. அந்த நாளில் இத்தொழிலில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பரிசு கொடுப்பதற்கே ஆள் தேட வேண்டியிருக்கும் என்று யாரேனும் கேலி செய்திருந்தாலும் வியப்பில்லை. தாம் உள்ளே வந்தபோது வரவேற்க ஒருவரும் நிற்காத வாசலில், இனி வருகிறவர்களுக்காக அவர் முன்கூட்டியே இலை போட்டு வைத்தார்.

1966-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருக்குப் பிறகு இந்நாட்டில் பல்லாயிரக் கணக்கான பெண்கள் பட்டயக் கணக்காளர்களாக வந்துவிட்டார்கள். அவர்களுள் பலருக்கு, முதல் பெண் ஒருவர் இருந்தார் என்பதும், அவர் பதிவேட்டில் தம் பெயரை எழுதிக்கொள்ள வழக்காட வேண்டியிருந்தது என்பதும் தெரிந்திருக்குமோ, நான் அறியேன். பரீட்சை முடிவுகள் வெளியானபோது, பரிசுப் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் அவர்கள் படித்திருக்கக் கூடும்: சிவபோகம்.